போனுக்குக் கீழே எரிந்த விளக்கு

செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் சுவிட்சை அணைத்ததில்லை. சாயங்காலம் தோட்டத்துக் கரண்ட் எஞ்சின் ஓடினால் விளக்கு எரியும். ராத்திரி எஞ்சினை நிறுத்தினால் லயத்து வீடுகள் எல்லாம் ஒன்றாக இருண்டுவிடும். ரேடியோவைத் திருகியபடியே விட்டுவைப்போம். மறுநாள் அது தானாகப் பாடத் தொடங்கினால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். அணைப்பது தோட்டத்து வேலை, நம் வேலையில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டுரியான் துங்காலில் புதிதாகக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்புக்குக் குடிவந்தோம். பழக்கமும் சாமான்களோடு லாரியில் ஏறி வந்துவிட்டது. டிவி, கேசட் போடும் வீடியோ, நான் தவணையில் வாங்கிய கம்ப்யூட்டர், கம்பியில்லாத போன் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எல்லாவற்றிலும் இரவு பகலாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

மலாக்கா டவுனில் நான் வேலை செய்த ஆபீசில், கம்ப்யூட்டர்களைச் சுவர் சுவிட்சிலேயே அணைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ரிமோட்டில் அணைத்தாலும் சிவப்பு விளக்கு எரியும்வரை கரண்ட் இழுத்துக்கொண்டுதான் இருக்கும் என்று வீட்டில் சொன்னேன். அப்பா நம்பாமல் வீடியோவின் மேல் கையை வைத்துப் பார்த்தார். நாள் முழுக்க யாரும் தொடாத வீடியோ வெதுவெதுப்பாக இருந்தது.

“தூங்குற மாதிரி கெடந்துக்கிட்டு உள்ளுக்குள்ள தின்னுக்கிட்டு இருக்குலா!” என்றார்.

அப்பாவுக்குத் தன்னை ஏமாற்றினால் பிடிக்காது. அன்றிலிருந்து சிவப்பு விளக்கைத் தேடி வீட்டைச் சுற்றிவருவதே அவருக்கு வேலையாயிற்று. ஐஸ்பெட்டியை மட்டும் மன்னித்தார். கம்ப்யூட்டரை முறையாக மூடிய பிறகுதான் சுவரில் அணைக்க வேண்டும் என்று நான் கத்தித்தான் புரியவைத்தேன். போன் அவர் கண்ணில் படவில்லை. விளக்கு அதை வைக்கும் அடித்தட்டில், காலண்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

அப்போதுதான் செர்காமிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல வேலையில் இருந்தார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் போன் போடுவார்கள், நாங்கள் சரியென்றால் பரிசம் போட நாள் குறிப்பார்கள் என்று ஏற்பாடு.

“எனக்கு வேணாம்மா” என்றாள் அக்கா, சமையலறை வாசலில் நின்று.

“அதெல்லாம் போகப்போகப் புடிச்சிடும்” என்றார் அம்மா. அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. நானும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன் அப்பா வழக்கம்போல் சுற்றிவந்தார். அக்கா காலண்டரை லேசாகத் தூக்கிப் பிடித்தாள்.

“அப்பா, இங்கயும் ஒரு செவப்பு லைட்டு எரியுது.”

“அட, ஆமா!” என்று சந்தோஷமாகச் சுவிட்சைத் தட்டினார் அப்பா. விளக்கு அணைந்தது.

மத்தியானம் முழுக்க அம்மா போனின் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேட்டரி இருந்ததால் அதன் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. அடித்தட்டில் கரண்ட் இல்லையென்றால் மணி அடிக்காது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் டவுனுக்குப் போய்விட்டு இருட்டுகிற நேரத்தில்தான் திரும்பினேன். எனக்குப் பின்னாலேயே அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகர் காரில் வந்து இறங்கினார்.

“எத்தன தடவ போட்டாங்க! வீட்டுல இருந்துக்கிட்டே எடுக்க மாட்டேங்கிறீங்களாலா? அவங்க வேற எடம் பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க.”

அப்பா எழுந்து காலண்டருக்குப் பின்னால் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

“நான்தாண்ணே. கரண்ட மிச்சம் புடிக்கிறேன்னு அணச்சிட்டேன்” என்றார் அப்பா தரகரிடம். அக்காவின் பெயரை எடுக்கவில்லை. தரகரும் பிறகு அம்மாவும் திட்டித் தீர்த்ததையெல்லாம் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றுதான்.

மறுநாள் காலையில் அவர் வீட்டைச் சுற்றிவந்தார். டிவி, வீடியோ, கம்ப்யூட்டர் எல்லாம் அணைந்தன. போன் சுவிட்சைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“வேணாம்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லமா.”

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

“சொன்னேன்ப்பா. டிவி ஓடிக்கிட்டு இருந்துச்சு.”