அக்கா விட்டுக்கொடுக்காத ஏரி வழி

ஓராண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் நல்ல குணங்களை எழுதப் பலர் இருக்கிறார்கள். அவருக்கு நான் செய்த தவற்றை நான்தான் எழுத வேண்டும். அதனால்தான் நினைவு மலரில் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அக்கா பிறந்தது வேப்பம்பட்டில். அப்பா கூலிக்கு ஏர் ஓட்டியவர். வயல்கள் மனைகளாகிக் கூலி வேலை நின்றபோது, ஊரில் நான்கு குடும்பங்கள் எருமை வாங்கி ஏரிப் பக்கம் கொட்டகை போட்டன. எங்களுடையதுதான் முதல் கொட்டகை. அப்பா காலமானதும், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா மாடுகளைக் கையில் எடுத்தார். விடியுமுன் கறந்து, கேன்களை மின்சார ரயிலில் ஏற்றி, ஆவடியிலும் அம்பத்தூரிலும் வீடு வீடாகப் பால் ஊற்றினார். அந்தப் பாலில்தான் நான் ஐ.டி.ஐ. முடித்தேன்; அவருடைய மகள் நர்சிங் படித்தாள். அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பாலில் தண்ணீர் கலந்தாயா என்று யாராவது கேட்டுவிட்டால், மறுநாள் அந்த வீட்டுக்குப் பால் கிடையாது.

எருமை வெயில் தாங்காது. உச்சிவேளையில் தண்ணீரில் கிடந்தால்தான் சாயந்தரம் ஒழுங்காகப் பால் சுரக்கும். எங்கள் பதினான்கு மாடுகளும் பதினொரு மணிக்குள் ஏரியில் இறங்கிவிடும். வெயில் தாழ்ந்த பிறகுதான் கரையேறும்.

கொட்டகைக்கும் ஏரிக்கும் நடுவே இருந்த புறம்போக்கில் துணை மின்நிலையம் கட்ட முடிவானது. ஒப்பந்தக்காரரிடம் நான் சூப்பர்வைசர். அதிகாரிகள் இடம் பார்க்க வந்தது நடுப்பகலில். மாடுகள் ஏரிக்குள் கிடந்தன. நிலம் காலியாகத் தெரிந்தது. "இந்தப் பக்கம் யாராவது போக வர இருக்காங்களா?" என்று சர்வேயர் என்னைக் கேட்டார். "யாரும் இல்ல சார்" என்றேன். எருமைக் கொட்டகையில் வளர்ந்தவன் என்று அவர்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

சுற்றுச்சுவருக்குப் பள்ளம் தோண்டிய அன்று அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"பதினாலு எருமை போய்கினு வந்துகினு கீது. உன் கண்ணுக்கு ஒண்ணும் தெரிலயா நைனா?"

"கொட்டாயிலயே மோட்டார் போட்டுத் தண்ணி ஊத்திக்கலாம்க்கா."

"நீ வேணா அதுல குளி. அதுங்க ஏரிக்குத்தான் போவும்."

அக்கா யாரையும் திட்டவில்லை, வேலையையும் தடுக்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் பத்தரைக்கு மாடுகளை ஓட்டிவந்து பள்ளத்தின் ஓரத்தில் நிற்பார். மாடுகள் பள்ளத்தைத் தாண்டாது. ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திருப்பி ஓட்டிப் போவார். பால் பாதியாகக் குறைந்தது. அப்போதும் வந்து நின்றார். ஒரு வாரம் கழித்து, கட்டட வேலைக்குப் பொறுப்பான இன்ஜினியரே அவரிடம் வந்தார்.

"ஏம்மா, வேற பக்கமா ஓட்டிட்டுப் போகக் கூடாதா?"

"அந்தாண்ட பெரிய ரோடு சார். லாரிக்குக் குடுக்கவா எருமைய வளக்கறேன்? கரண்டு வாணாம்னு நான் சொல்லல. என் ஊட்லயும் ஃபேன் ஓடணும். வழிய உட்டுட்டு செவுரு கட்டுங்க."

"இங்க யாரும் போறதில்லன்னு சர்வே ரிப்போர்ட்ல எழுதியிருக்கே. யார் சொன்னது?"

அக்காவுக்கு யாரென்று தெரியும். என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. "எவனோ ஊரு தெரியாதவன் சொல்லிக்கீறான் சார்" என்றார்.

என்னைக் காப்பாற்றச் சொன்ன அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நான்தான் சார் சொன்னேன். இவங்க எங்க அக்கா" என்றேன்.

சுவரைப் பன்னிரண்டு அடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள். அந்த வாரக் கடைசியிலேயே ஒப்பந்தக்காரர் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா ஒரு கேனை என் கையில் கொடுத்து, "ஆவடி வண்டி வந்துடும், கெளம்பு" என்றார். அன்றிலிருந்து நானும் பால்காரன்தான். இப்போது அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சிறுநீரகக் கோளாறு அக்காவைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனையில் கண் விழிக்கும்போதெல்லாம், "மாடு ஏரிக்குப் போச்சா?" என்றுதான் மகளைக் கேட்பார். போனது என்று தெரிந்தால் மறுபடி தூங்குவார்.

அந்த நாட்களில் எங்களுக்காக மாடு கறந்து கொடுத்த எதிர்வீட்டு அண்ணிக்கும், ரத்தம் கொடுக்க ஓடிவந்த அம்பத்தூர் அடுக்குமாடி வாடிக்கையாளர்களுக்கும், கேன்களை இறக்கிக் கொடுத்த ரயில் நண்பர்களுக்கும், மாற்றலாகிப் போயிருந்தும் துக்கத்துக்கு வந்த அந்த இன்ஜினியருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மின்நிலையத்தை விரிவாக்க மறுபடி அளக்க வருகிறார்கள். அந்தப் பன்னிரண்டு அடி வாய்வார்த்தையாக விட்ட வழி. எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இந்த முறை அதை எழுத்தில் வாங்காமல் நாங்கள் விடப்போவதில்லை. மனு கூடத்தில் இருக்கிறது. படையல் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். "இந்த வழியாகத் தினமும் எருமைகள் ஏரிக்குப் போகின்றன, ஓட்டிப் போவது நான்" என்று எழுதி, முதல் கையெழுத்தை நான் போட்டிருக்கிறேன்.