சுமாலியின் மஞ்சள் இலை

எங்கள் பாங்காக் குடியிருப்பில் துணி தேய்க்கும் சுமாலிக்கு யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பத் தெரியாது. தெருப்பூனைகளெல்லாம் அவள் புண்ணியத்தில் தொப்பை தள்ளித் திரிகின்றன. அப்பேர்ப்பட்டவள் முதன்முதலாக ஒரு செடி வாங்கினாள். இருட்டு நடைவழியிலும் வளரும், எப்போதாவது தண்ணீர் ஊற்றினால் போதும் என்று சொல்லித்தான் லம்யை என்னும் செடிக்கடைக்காரி கொடுத்தாள். சுமாலி கேட்பாளா? ஒவ்வொரு சட்டை தேய்த்து முடித்ததும் செடிக்கு ஒரு டம்ளர் ஊற்றினாள்.

இலை ஒன்று மஞ்சளாகிப் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. அதைக் கிள்ளப் போனவளை எதிர்வீட்டு டாக்சிக்காரர் பிரசோங் தடுத்தார்.

"யக்கா, கைய எடு! நல்லாப் பாரு, புள்ளியில நாப்பத்தேழு!"

அவ்வளவுதான், செடியில் சாமி வந்து லாட்டரி எண் காட்டுகிறது என்று குடியிருப்பே திரண்டது. எண் தெளிவாகத் தெரிய இலையில் பவுடர் தேய்த்தார்கள். ஊதுபத்தி கொளுத்தி, தொட்டி முன்னால் சிவப்பு சோடாவில் உறிஞ்சுகுழல் போட்டுப் படைத்தார்கள். நானும் படைத்தேன். எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?

லாட்டரிக் குலுக்கலில் கடைசி இரண்டு எண்ணுக்கான சின்னப் பரிசு நாற்பத்தேழுக்கே விழுந்தது.

சேதி கேட்டு ஓடிவந்த லம்யை செடியைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் அழுகி நாறியது.

"அடிப்பாவி! இதுல சாமியுமில்ல, பூதமுமில்ல. தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னுட்டியேடி!"

பிரசோங் குனிந்து அழுகிய வேரை எட்டிப் பார்த்தார்.

"அது சரி லம்யை. முதல் பரிசு ஆறு நம்பராச்சே, அதுக்கு எத்தனை டம்ளர் ஊத்தணும்?"