இரண்டு காதும் தெரியணும்

என் வீட்டுக்காரர் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பவர். முகவாயை நிமிர்த்து, சிரிக்காதே, இரண்டு காதும் தெரியணும். இதைச் சொல்லியே பிழைப்பு ஓடியது. எங்கள் கல்யாணப் படத்தையும் அவர்தான் டைமர் வைத்து எடுத்தார். அதில் நாங்கள் போலீஸில் மாட்டிய ஜோடி மாதிரி நிற்போம்.

இப்போது அட்டை கொடுக்கிற அலுவலகத்திலேயே படம் எடுக்க மெஷின் வைத்துவிட்டார்கள். அதற்கு எதிரே இவர் வேலை பார்த்த கடையை முதலாளி மூடிவிட்டார். இவர் பெரிய ஸ்டுடியோ ஒன்றில் வேலை கேட்டுப் போனார். "முகத்துல உணர்ச்சி இருக்கணும். நாலு படம் எடுத்துட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார்களாம் அங்கிருந்த அம்மா. அது கிடைக்காவிட்டால் என் தையல் மெஷின்தான் கதி.

வந்தது வினை. ஜன்னல் திரை கழன்றது. பீரோவிலிருந்த வெள்ளைப் போர்வை சுவரில் ஏறியது. சும்மா எட்டிப்பார்க்க வந்த என் தம்பி மாட்டிக்கொண்டான்.

"மச்சான், கோவமா பாரு."

"யார் மேல மாமா?"

"உன் மேனேஜரை நெனச்சுக்கோ."

நன்றாகத்தான் முறைத்தான். இவர் சும்மா இருந்தாரா? கிட்டே போய் முகவாயை நேராக்கி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, "அசையாத" என்றார். அப்புறம் கோபம் எங்கே நிற்கும்? மகள் அதற்கும் மேலே. கேமராவைக் கண்டதுமே தானே காதை வெளியே எடுத்துவிட்டு விறைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து பழக்கம்!

கடைசியில் என் முறை. "சோகமா இரு."

"அதுக்கென்ன, உங்களக் கட்டிக்கிட்டத நெனச்சுக்கறேன்."

"வெளையாடாத. உங்கம்மாவ நெனச்சுக்கோ."

அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து, பாத்திரம் கழுவி, அடுத்த வாரமே தைக்க உட்கார்ந்துவிட்டேன். அழ எங்கே நேரம்? ஜன்னலைப் பார்த்தபடி அவளை நினைத்தேன். ஊசி குத்தின என் விரலைப் பிடித்துத் தடவிக்கொண்டே பேசுவாள். அவ்வளவுதான், பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. முடி முகத்தில் விழுந்தது, மூக்கு ஒழுகியது. எதையும் நான் துடைக்கவில்லை.

"அப்பா, எடுப்பா! இதான்பா!" என்று மகள் கத்தினாள்.

கேமரா அவர் கண்ணில்தான் இருந்தது. எங்களைத் தொடக்கூட விடாத அந்தக் கேமராவைத் தரையில் வைத்துவிட்டு ஓடி வந்தார். என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "அழு, நல்லா அழு" என்றார்.

மறுநாள் காது தெரிகிற நாலு படத்தை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஸ்டுடியோ அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்ப சுத்தமா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேலை இல்லை.

வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். "அட மனுஷா! ஒரு தடவை அமுக்கியிருந்தா வேலை கெடச்சிருக்குமே. விரலு என்ன மரத்தா போச்சு?"

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "உங்கம்மா போன அன்னைக்கு, கடையில கூட்டம்னு சாயங்காலம்தான் வந்தேன். நீ காபி ஆத்திக்கிட்டு இருந்த. நேத்தாவது பக்கத்துல இருக்கலாம்னு தோணுச்சு."

இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

இப்போது நான் தைக்கிற சட்டைகளுக்கு அவர்தான் பட்டன் வைக்கிறார். எல்லாம் நேராகத்தான் இருக்கின்றன.