மேசையில் எழாத லேப்டாப்

"சனிக்கெழம சரவணக்குமாரு வருவாப்டி. இந்த லினக்ஸோ கினக்ஸோ, அதத் தொடச்சுப்போட்டு விண்டோஸ் போட்டுக் குடுத்துருவாப்டி. அதுக்குள்ள நீ சரி பண்ணுனாப் பண்ணு அம்மிணி, இல்லாட்டி உட்டுரு" என்றார் முதலாளி சென்னியப்பன்.

அன்று புதன்கிழமை. தனப்பிரியா எதிரே நின்று கேட்டுக்கொண்டாள். "தொடைக்க விடமாட்டேனுங்க ஐயா" என்று சொல்ல வாய் வந்தது. லேப்டாப் அவருடையது, மில் அவருடையது, அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் அவருடையது.

எருமப்பட்டிக்குக் கிழக்கே சாலையோரத்தில் இருக்கும் அந்தக் கோழித் தீவன மில்லில், கலவைக்குப் பொறுப்பு அவள்தான். மக்காச்சோளம் எவ்வளவு, சோயாப் புண்ணாக்கு எவ்வளவு, கல்தூள் எவ்வளவு, எந்த வயதுக் கோழிக்கு எது என்று லோடுக்கு லோடு மாறும். அதற்கு அவளே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். படித்தது பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்பா சின்னராஜ் லாரி டிரைவர், அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். வீட்டில் முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீசில் சான்றிதழ் வாங்கிக் கல்லூரிக்குப் போனவள். அந்தச் சான்றிதழுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. சந்தேகம் வந்தால் கேட்க வீட்டில் ஒருவரும் கிடையாது.

அந்த லேப்டாப்பில் முன்பு விண்டோஸ்தான் இருந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் சரவணக்குமார் எங்கிருந்தோ காப்பி எடுத்துப் போட்டது. ஒருநாள் வைரஸ் புகுந்து இரண்டு வருடக் கலவைக் குறிப்புகளைத் தின்றுவிட்டது. அதன் பிறகுதான் தனப்பிரியா, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டாள். ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் ஆரம்பித்தது வினை.

மில்லில் தூசி பறக்கும். சாம்பிள் எடுக்கச் சோளம் கொட்டும் குழிப்பக்கம் போகும்போதெல்லாம் அவள் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுப் போவாள், அது தூங்கிவிடும். வந்து திறந்தால் எழவேண்டும். எழவில்லை. பவர் பொத்தானை அழுத்தினால் உள்ளே காற்றாடி சுற்றும், திரை மட்டும் கறுப்பு. அரை நிமிடத்தில் காற்றாடியும் ஓய்ந்து, மறுபடி தூக்கம். ஆனால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுத்தினால் ஒழுங்காக எழுந்துவிடும்.

"கொழந்தயாட்டம் மடி கேக்குது பாரு" என்று சென்னியப்பன் முதல் நாள் சிரித்தார். மூன்றாவது நாள் சிரிக்கவில்லை. "ஓசில கெடைக்கறதெல்லாம் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

சரவணக்குமார் கடைக்கு எடுத்துப்போய்ப் பார்த்தான். அங்கே ஐம்பது தடவை மூடித் திறந்தும் ஐம்பது தடவையும் எழுந்தது. அவன் விடவில்லை. "லூஸ் காண்டாக்ட் இல்லீங்க. லினக்ஸுல தூங்குனா எந்திரிக்காதுங்க. உலகத்துக்கே தெரிஞ்ச விசயம்" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

உலகத்துக்கே தெரிந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றோ என்று அவள் இரண்டு நாள் மருகினாள். லினக்ஸின் உள்மையமான கர்னலை மாற்றினாள். தூங்கும் முறையை மாற்றினாள். டிஸ்ப்ளே டிரைவரை மாற்றினாள். பெரிய அரவை மோட்டார் ஓடும்போது கரண்டு தாழ்கிறதோ என்று சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினாள். கேள்வி கேட்கும் தளம் ஒன்றில் இங்கிலீஷில் எழுதிப் போட்டதற்கு, "பழைய லேப்டாப், புதிது வாங்கு" என்று எவனோ பதில் சொல்லியிருந்தான். அதைப் படித்ததும்தான் அவளுக்குக் கோபம் வந்தது. புதிது வாங்கு என்பது ஒரு பதிலா? மூன்று வாரத்தில் எட்டு நாள் மட்டுமே எழாமல் இருக்கிறது. மற்ற நாட்களில் எழுகிறதே, அது எப்படி?

அந்த எட்டு நாட்களையும் ஒரு தாளில் எழுதினாள். பக்கத்தில் அன்றன்று மில்லில் என்ன நடந்தது என்றும் எழுதினாள். எட்டு நாளும் ஆத்தூர்ப் பக்கத்து வியாபாரியின் மக்காச்சோளம் இறங்கிய நாள்.

சோளத்துக்கும் லேப்டாப்புக்கும் என்ன? தாளை நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமையும் அதே வியாபாரியின் லோடு. அன்றும் எழவில்லை. மடியில் வைத்து எழுப்பி, லினக்ஸ் தனக்குள் எழுதிவைத்திருக்கும் பதிவை எடுத்தாள். இத்தனை நாளும் அதில் 'பிழை' என்று இருக்கும் வரிகளை மட்டும் தேடித் தேடிப் படித்திருந்தாள். இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தாள். பதினொன்று பத்துக்கு 'மூடி மூடப்பட்டது' என்று இருந்தது. அவள் மூடியதுதான். பதினொன்றரைக்கு அவள் திறந்தாள். 'மூடி திறக்கப்பட்டது' என்ற வரி அங்கே இல்லை. மடியில் தூக்கி வைத்த பிறகு, பதினொன்று முப்பத்தாறுக்குத்தான் அந்த வரி இருந்தது. அதில் பிழை ஒன்றும் இல்லை. மூடியே இருக்கிறது என்று நம்பிய லேப்டாப், ஒழுங்காகத் தூங்கிக்கொண்டிருந்தது.

மூடியிருப்பது அதற்கு எப்படித் தெரியும்? தேடினாள். மூடியின் விளிம்பில் சின்னக் காந்தம் இருக்கும், கீழே அதை உணரும் பொருள் ஒன்று இருக்கும் என்று போட்டிருந்தது. துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி விளிம்பில் வைத்தாள். ஒட்டியது. லேப்டாப்பை ஓரமாக வைத்துவிட்டு, ஊக்கை வெறும் மேசைப் பலகைமேல் வைத்தாள். பலகைமேல் ஊக்கு தானாக அரைவட்டம் திரும்பியது.

மேசைக்கு அடியில் முதலாளியின் டிராயர். அதை அவர் தொடுவார். அவர் சொல்லி, மில்லைப் பெருக்கும் ராசம்மாள் தொடுவாள். வேறு யாரும் தொட்டதில்லை. அவள் ஊக்கைத் திரும்பக் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை சரவணக்குமார் பென்டிரைவும் தன் லேப்டாப்புமாக வந்தான்.

"என்ன தங்கச்சி, எந்திரிச்சுதா?"

"இல்லீங்கண்ணா."

"நாந்தான் சொன்னனே."

"உங்க லேப்டாப்ப இங்க வெய்யுங்கண்ணா" என்று தன்னுடையதைத் தள்ளி இடம் விட்டாள். அவன் வைத்துத் திறந்தான். விண்டோஸ் பளிச்சென்று எரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. எல்லா லேப்டாப்பிலும் காந்தத்தை உணரும் பொருள் ஒரே இடத்தில் இருக்குமா என்ன? அதைப் படிக்காமல் விட்டோமே. கேட்காமலேயே அவன் லேப்டாப்பை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினாள். இன்னும் நாலு விரற்கடை. திரை அணைந்தது.

"ஏய், என்ன பண்ணுன?"

"நகர்த்துனனுங்க. அவ்வளவுதான்."

அவன் பொத்தானை அழுத்தினான். எரிந்த திரை மறுபடி கறுத்தது. தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு அழுத்தினான், எழுந்தது.

"உங்குளுதும் மடி கேக்குதுங்களாட்டிருக்குது" என்றாள்.

சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "விண்டோஸுந்தான் படுக்குதா? என்றா சரவணா இது?"

அவன் பேசுமுன் தனப்பிரியா டிராயரைப் பிடித்து இழுத்தாள்.

"ஏம்மிணி, அது என்ற டிராயரு."

"தெரியுமுங்க."

உள்ளே சாக்குத் துணியில் சுற்றிய ஒரு முழ நீளக் காந்தத் தண்டு கிடந்தது. துணியை விலக்கினாள். தண்டு முழுக்க முள்ளம்பன்றி மாதிரி ஆணியும் கம்பித் துண்டும் நட்டுக்கொண்டு நின்றன. அரவைக்குப் போகுமுன் சோளத்திலிருந்து இரும்பைப் பிடிப்பதற்காக எந்திரத்தின் வாயில் மாட்டுகிற தண்டு. மில்லில் அப்படி இரண்டு உண்டு. ஆணி அதிகம் சிக்கிய நாளில், தண்டை அப்படியே கழற்றி எடுத்துவைத்து, மறுநாள் வியாபாரி வந்ததும் கண்ணில் காட்டுவது சென்னியப்பனின் வழக்கம். ஆணியை மட்டும் அள்ளிக் காட்டினால், "அது உங்க மில்லு ஆணிங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

ராசம்மாள் வாசலில் விளக்குமாறோடு நின்றுவிட்டாள். முகம் வெளிறியிருந்தது. "நாந்தான் சாமி வெச்சேன். செவுத்துல மாட்டுனா போறவாறவுங்க மேல ஆணி குத்துதுன்னு, டிராயருக்குள்ள வெய்யின்னு ஐயாதான்..."

"எப்ப சொன்னாருங்க்கா?"

"சுண்ணாம்பு அடிச்சப்போ. மூணு வாரம் இருக்கும்."

யாரும் சென்னியப்பனைப் பார்க்கவில்லை. அவர் தொண்டையைக் கனைத்தார். "காந்தம் கம்ப்யூட்டர என்ன பண்ணும்னு எனக்கென்ன கண்டுச்சு?"

"மூடி வெச்சிருக்கறதா நெனச்சுக்குமுங்க" என்றாள் தனப்பிரியா. பையிலிருந்த தாளைப் பிரித்து அவர்முன் வைத்தாள். "எட்டு நாளுங்க. எட்டு நாளும் ஆத்தூர்ப் பக்கத்து ஆளோட லோடு. நேத்தோட ஒம்பது."

அவர் தாளை எடுத்து, கண்ணாடியைத் தூக்கி இறக்கிப் படித்துத் திரும்பக் கொடுத்தார். "ஒம்பது நாளா ஆணி போட்டிருக்கறானா!" என்றார். அவர் கவலை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

சரவணக்குமார் பென்டிரைவை விரலில் சுழற்றினான். "எப்படியும் வந்துட்டனுங்க. விண்டோஸப் போட்டுட்டே போயர்றனே. நாளைக்கு இந்தப் புள்ள வேற வேலைக்குப் போயிருச்சுன்னா இத ஆரு பாக்கறது?"

நியாயமான கேள்விதான். அது அவளுக்கே குத்தியது. சென்னியப்பன் யோசிப்பதும் தெரிந்தது.

"போடவேண்டாமுங்க" என்றாள். "அண்ணன் போட்ட விண்டோஸு ரெண்டு வருசக் குறிப்பத் தின்னுது. ஏன்னு அதுவும் சொல்லல, அண்ணனும் சொல்லல. இது என்ன நடந்துச்சுன்னு நிமிசக் கணக்கா எழுதி வெச்சிருந்துச்சு. படிக்கத் தெரியாதது என்ற தப்பு. இப்பப் படிச்சுட்டேன். ராசம்மாக்காவுக்கும் படிக்கச் சொல்லித் தர்றேன். தொடைக்கறதா இருந்தா நான் வேலைய உட்டு எந்திரிச்சுப் போனப்பறம் தொடைங்க."

ராசம்மாள், "எனக்கெதுக்கு சாமி அந்த வம்பு" என்று முணுமுணுத்தாள்.

வெளியே பைக் ஒன்று வந்து நின்றது. சோள வியாபாரி. சென்னியப்பன் தண்டைத் துணியோடு தூக்கிக்கொண்டார். நாலு எட்டு நடந்து திரும்பி, "அந்தத் தாளக் குடு அம்மிணி" என்று வாங்கிக்கொண்டார். பிறகு சரவணக்குமாரைப் பார்த்து, "நீ டீ குடிச்சுட்டுப் போ. பென்டிரைவ உள்ள வெய்யி" என்றார்.

தனப்பிரியா தன் லேப்டாப்பைப் பழைய இடத்துக்கே இழுத்தாள். எல்லோர் கண்முன்னும் மூடினாள். சாம்பிள் முறத்தை எடுத்துக்கொண்டு குழிப்பக்கம் போனாள். வேண்டுமென்றே மெதுவாக எடுத்தாள். தலையில் தூசியோடு திரும்பி வந்தபோது சரவணக்குமார் டீ டம்ளரோடு இன்னும் அங்கேயேதான் நின்றான்.

அவள் திறந்தாள். திரை வெளிச்சமானது. கலவைக் கணக்கு விட்ட இடத்திலேயே நின்றது.

நின்றபடியே அடுத்த லோடைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.