ஏழாம் வகுப்புக்கு ஓர் இதயம்

சயின்ஸ் ப்ராஜெக்ட் என்கிற வேலையில் மார்க் பிள்ளைக்கு, படபடப்பு நமக்கு. வீட்டில் தெர்மாகோல் தூளைப் பெருக்கிவிட்டு இதை வாசிக்க உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் மகள் மதி, மதுரையில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வருஷம் கண்காட்சியில் நடுவர் கேள்வி கேட்டதும் வாயே திறக்காமல் நின்று, அழுதுகொண்டே வெளியே வந்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் என்றாலே அவளுக்கு வயிற்றுவலி. அதனால் இந்த வருஷம் அவளைவிட எனக்குத்தான் பயம்.

ஓகே மிஸ்

வேலை முடிந்து திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மிஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது. திங்கள்கிழமை ஆளுக்கொரு உடல் உறுப்பு, ஓடுகிற மாடலாகச் செய்து கொண்டுவர வேண்டும். நன்றாக இருப்பதை மேலூர் கண்காட்சிக்கு அனுப்புவார்கள். மதிக்கு இதயம். எல்லாப் பெற்றோரும் வரிசையாக "ஓகே மிஸ்" என்று போட்டார்கள். நான் மட்டும், "எவ்வளவு பெருசா இருக்கணும் மிஸ்?" என்று கேட்டேன். "பெருசா இருந்தா நல்லது சார். எல்லாரும் கூடவே ஒரு சார்ட்டும் எழுதிட்டு வாங்க" என்று பதில் வந்தது.

நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள், மதியோடு படிக்கிற ஒரு பிள்ளையின் அப்பா போனில் கூப்பிட்டார்.

"அண்ணே, இனிமே குரூப்ல கேள்வி மட்டும் கேக்காதீங்க. உங்களால இப்ப எல்லாரும் சார்ட் எழுதிக்கிட்டு இருக்கோம்."

தீர்ந்து போன சரக்கு

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் ஒரே கூட்டம். எல்லார் முகத்திலும் ஆஸ்பத்திரியில் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற களை. தெர்மாகோலில் செதுக்கி, பெயின்ட் அடித்த உறுப்புகளை அங்கே விற்பார்கள். அதை வாங்கி, உள்ளே குழாய் மட்டும் விட்டால் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். என் முறை வந்ததும் கேட்டேன். கடைக்காரர் பின்னாலிருந்த பெட்டியைத் துழாவிவிட்டு நிமிர்ந்தார்.

"இதயம் காலையிலயே தீந்துருச்சுண்ணே. கிட்னி கிடக்கு, தரவா?"

நாலு அறை

வேறு வழியில்லாமல் வீட்டிலேயே செய்தோம். தண்ணீர் பாட்டில், மெல்லிய குழாய், மீன் தொட்டிக்குப் போடுகிற குட்டி பம்ப், சிவப்பு மை கலந்த தண்ணீர். மதி சூட்டுப் பசையால் ஒட்ட வந்தால், கையைச் சுட்டுக்கொள்வாளோ என்று நான் வாங்கி ஒட்டினேன். நான் ஒட்டிய இடம் ஒழுகியது. பிறகு அவள் ஒட்டிய இடம் ஒழுகவில்லை.

ஒழுகுவது நின்றதும் எனக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. நடுவர் கேட்டால் சொல்லுவாளா? சாப்பிடும்போது, "இதயத்துக்கு எத்தனை அறை?" என்று கேட்டேன். நாலு என்றாள். தலை பின்னும்போது கேட்டேன். நாலு என்றாள். செருப்புப் போடும்போது கேட்டதற்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலுதானேப்பா?" என்றாள். தரையில் சிந்திய சிவப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி கலா நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரிஞ்ச பதிலையும் கேட்டுக் கேட்டே மறக்கடிச்சிருவீங்க போலருக்கே."

மேலூர் பஸ்

மதியின் மாடலைக் கண்காட்சிக்கு எடுத்துவிட்டார்கள். சந்தோஷப்படத் தோன்றவில்லை; இதை மேலூர் வரை உடையாமல் கொண்டுபோக வேண்டுமே என்றுதான் தோன்றியது. மாட்டுத்தாவணியில் மதியும் நானும் ஏறிய பஸ்ஸில் நிற்கத்தான் இடம். ஒவ்வொரு பிரேக்குக்கும் நான் இதயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பாட்டில் மூடியிலிருந்து சிவப்பாகச் சொட்டி என் வெள்ளைச் சட்டை நனைந்தது. கண்டக்டர் பதறிப்போய், "எங்கண்ணே அடி?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து சீட்டில், மார்க்கெட்டில் வாங்கிய பூ மூட்டையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா இரண்டு கையையும் நீட்டினார்.

"இதயமா? இங்க குடுங்க தம்பி, பூ மேல வச்சுக்கிறேன். எம்புட்டுக் குலுக்குனாலும் ஆடாது."

ஜன்னலுக்கு வெளியே

பரிசு கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோரை உள்ளே விடாததால் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவர் மதியின் மேஜைக்கு வந்தார். அவள் சுவிட்சைப் போட்டாள். பம்ப் உறுமியது, தண்ணீர் ஏறவில்லை. "ஏம்மா ஓடலை?" என்றார் நடுவர். மதி போன வருஷம் நின்ற அதே மாதிரி நின்றாள். சுவிட்சை நிறுத்திப் போடச் சொல்லி வெளியிலிருந்தே இரண்டு கையாலும் சைகை காட்டினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து குழாயைத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்க குழாய் மடங்கிருச்சு சார். அதான் ரத்தம் போகல. நெசமாவே இப்படி அடைச்சாத்தான் நெஞ்சுவலி வரும்" என்று சொல்லி அதை நிமிர்த்திவிட்டாள். சிவப்புத் தண்ணீர் சரசரவென்று ஏறியது. அதன் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் நிறுத்தாமல் பதில் சொன்னாள். கடைசியாக அவர் ஜன்னலைக் காட்டி, "அங்க நின்னு கையாட்டுறது யாரும்மா?" என்றார்.

"எங்கப்பா சார். அவர்ட்ட ஒண்ணும் கேட்டுறாதீங்க, பயந்துருவாரு."

மொத்தத்தில், இந்த ப்ராஜெக்டுகளால் பிள்ளைகளுக்கு அறிவு ஏறுகிறதோ இல்லையோ, நமக்கு பிரஷர் ஏறிவிடுகிறது.