கம்ப்யூட்டருக்கு ஒரு பட்டுப்புடவை

போன வருஷம் ஆடி மாசம் ஆரணியில் நடந்தது இது. ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் பட்டுக்கும் கிராக்கி கிடையாது. என் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர்; நான் தறியில் உட்காருகிறவள். வேலை குறைந்த அந்த மாசத்தில்தான் என் முதுகுவலியைக் கவனிக்க நேரம் கிடைத்தது. எங்கள் தெருவில் முதுகு வலிக்காதவளைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள், அதனால் நான் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவே இல்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, இது எலும்பு மஜ்ஜையில் வருகிற ஒரு வகை ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

டாக்டரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். இதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன, கட்டுக்குள் கொண்டுவரலாம். கூடவே, இங்கே ஒரு மருத்துவ ஆராய்ச்சி நடக்கிறது. சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம், மீதிப் பாதிக்கு அதோடு ஒரு புது மருந்தும். இஷ்டமிருந்தால் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சேராவிட்டாலும் வைத்தியம் நிற்காது. வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு வாங்க என்று தமிழில் அச்சடித்த தாள்களையும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் அண்ணன் ஆஜர். ரிட்டையர் ஆன பிறகு உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. அந்தத் தாள்களைத் தொடக்கூட இல்லை.

"உன்ன எலி ஆக்கப் பாக்குறாங்கம்மா. ஊசி போட்டுட்டு, எலி இன்னா பண்ணுதுன்னு பாத்துகினு இருப்பாங்க. ஒத்துக்காத!"

என் கணவரும் தலையை ஆட்டினார். தாள்களைப் படித்தது நான் ஒருத்திதான். பாதிப் பேருக்குத்தான் புது மருந்து, யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும் என்று படித்துச் சொன்னேன். அவ்வளவுதான், அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பாதிப் பேருக்குத்தானா? அப்போ நமக்குக் கெடைக்காம போயிட்டா? இது இன்னா அநியாயம்! மாப்ள, சும்மா உக்காந்துகினு இருக்காத. ஜல்தியா யாரையாவது புடி!"

ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் எலி, வரிசையில் முதல் ஆளாக நிற்கத் துடிக்க ஆரம்பித்துவிட்டது.

நான் சேரச் சம்மதித்தேன். அதன் பிறகு வீட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை, கம்ப்யூட்டரை எப்படிக் கைக்குள் போடுவது என்பதுதான். எங்கள் ஆலயத்தில் பெண்கள் ஜெபக் கூட்டத்தில், "ஆண்டவரே, அந்தக் கம்ப்யூட்டரை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம்" என்று ஒரு அக்கா கண்ணீரோடு ஜெபித்தார். என் கணவர் வேறு வழியில் போனார். எந்த ஆபீசுக்குக் காரியமாகப் போனாலும் ஒரு பட்டுப்புடவையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அடுத்த முறை போகும்போது மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்ட புடவை ஒன்று எங்களோடு பஸ் ஏறியது. என்னிடம் அவர் மூச்சு விடவில்லை.

ஆராய்ச்சிக்கென்று இருந்த நர்ஸம்மா முன்னால் பெட்டியை வைத்து, "கம்ப்யூட்டர் பாக்குற அம்மாவுக்கு" என்றார் என் கணவர். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நர்ஸம்மா பெட்டியைத் திறக்காமல் அவர் பக்கமே தள்ளி வைத்தார். "ஐயா, கம்ப்யூட்டர்ல இன்னா வரப்போவுதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எங்க கையில இருந்தா, புடவை குடுத்தவங்களுக்கும் தெரிஞ்சவங்களுக்கும் புது மருந்து போயிடும். அப்புறம் மருந்து வேலை செஞ்சுதா, சிபாரிசு வேலை செஞ்சுதான்னு எப்பிடிங்க கண்டுபுடிக்கிறது?"

இவர் விடவில்லை. "கலர் புடிக்கலன்னா சொல்லுங்க, மாத்திக்கலாம்."

நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

அன்றைக்கே முடிவும் வந்தது. எனக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். புது மருந்து கிடையாது.

சிரிப்பெல்லாம் அதோடு போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், பயந்துவிட்டேன். பிழைக்கிற வழி ஒன்று இருந்து, அதன் கதவை என் முகத்துக்கு நேரே சாத்தின மாதிரி இருந்தது. பஸ் கண்ணமங்கலம் தாண்டும் வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். இவர் மடியில் புடவைப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் வீட்டில் துக்கம் விசாரிக்கக் கூட்டம். அண்ணன் சாத்துக்குடியும் திராட்சையுமாக வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் உயிரோடு எதிரில் நின்று அவருக்குக் காபி கொடுத்தேன். "வெலகிடு. ஆராய்ச்சிக்குன்னு ஓசியில ரத்தம் குடுத்துகினு இருக்க நாம இன்னா பைத்தியமா?" என்றார் என் கணவர். எனக்கும் அதுவே சரி என்று பட்டது.

விலகுவதாகச் சொல்லத்தான் அடுத்த முறை போனேன். "ஏம்மா எனக்கு மட்டும் மட்டமான மருந்து?" என்று டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "புதுசு ஒசத்தின்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா எல்லாருக்கும் குடுத்துட்டுப் போயிருப்பேனே! தெரியலம்மா. நல்லது செய்யலாம், ஒண்ணும் செய்யாம போகலாம், புதுசா ஒரு தொந்தரவும் தரலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் இது. உங்களுக்குக் குடுக்கிறது இன்னிக்கு இருக்கிறதுல நல்ல வைத்தியம்தான். விலகணும்னா தாராளமா விலகலாம், அதே வைத்தியம் தொடரும்."

நான் விலகவில்லை. வீட்டுக்கு வந்து என் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, கடைக்காரன் புதுச் சாயம் கொண்டாந்தா இன்னா செய்வீங்க?"

"நூல ரெண்டா பிரிச்சு, பாதிக்குப் பழசு, பாதிக்குப் புதுசு போட்டு, ஒண்ணா அலசி, ஒரே கொடியில காய வெப்பேன்."

"எல்லா நூலுக்கும் புதுசே போட்டா?"

"போட்டா எது தேவலன்னு எப்பிடித் தெரியும்? இதுகூடவா..." என்று ஆரம்பித்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாகத் தினம் கையால் செய்கிற வேலை! அதற்குப் பெயர் ஆராய்ச்சி என்று தெரியாமல் புடவையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இப்போது என் நோய் அடங்கியிருக்கிறது. போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மறுபடி தறியில் உட்காருகிறேன். புது மருந்து உசத்தியா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லையாம். அண்ணனோ, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஆராய்ச்சி பற்றித் தாமே கண்டுபிடித்த மாதிரி வகுப்பெடுக்கிறார்.

எனக்குப் போடுகிற மருந்தைப் பற்றி நர்ஸம்மாவிடம் ஒருநாள் கேட்டேன். அதுவும் ஒரு காலத்தில் புது மருந்தாக இருந்து, இதே மாதிரி இரண்டு பக்கமும் ஆட்களை வைத்துப் பார்த்துத்தான் வழக்கத்துக்கு வந்ததாம். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை ஊசி ஏறும்போதும், எந்த ஊரிலோ என்னைப் போலவே புது மருந்து கிடைக்காமல் ஏமாந்து அழுதுகொண்டு பஸ் ஏறின ஒருத்தியை நினைத்துக்கொள்கிறேன். அவள் விலகாமல் நின்றதில்தான் என் உயிர் நிற்கிறது.