ஒரே லைனில் இரண்டு ரிசீவர்

தொலைபேசி இணைப்பை ஒப்படைத்துவிடப் போவதாக அத்தாவுல்லா அறிவித்தபோது அவர் மனைவி நஃபீசா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கையைக் கழுவாமலேயே சமையலறை வாசலுக்கு வந்து, ஸ்டூலின் மேல் இருந்த போனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“குடுக்கறதுன்னா என்னையும் சேத்துக் குடுத்துட்டு வாங்க.”

“ஒன்ன எவன் வாங்குவான்?” என்று கேட்டுவிட்டு அத்தாவுல்லா வாசலில் ஸ்கூட்டரை உதைத்தார்.

இது நடந்தது 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் அவர்கள் வீடு. கீழ்த்தளத்தில் அத்தாவுல்லாவும் நஃபீசாவும். மாடியில் அத்தாவுல்லாவின் தம்பி வாஜித்தும் அவர் மனைவி மெஹ்னாஸும். சகோதரர்கள் இருவரும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகள். பழுது பார்த்த ஒவ்வொரு ஃப்ரிட்ஜின் பக்கவாட்டிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவது அவர்கள் வழக்கம். சேலையூர், முடிச்சூர், வண்டலூர் தொடங்கி மறைமலை நகர் வரை அந்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய சமையலறைகள் இருந்தன. அதில் கடையின் பெயர் கிடையாது. அண்ணன் தம்பி பெயர்கள், அவற்றின் கீழே வீட்டுத் தொலைபேசி எண். சென்னை எண்களுக்கெல்லாம் முன்னால் ஓர் இரண்டு சேர்ந்தபோதும் அவர்கள் புதிதாக அச்சடிக்கவில்லை; வாடிக்கையாளர்களே இரண்டைச் சேர்த்துக்கொண்டு கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டவர்கள் கேட்டது நஃபீசாவின் குரலை. பல்லாவரத்தில் பிறந்து, பத்தாம் வகுப்போடு படிப்பு நின்று, இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் அவர். போன் வந்த புதிதில் பெயரையும் தெருவையும் மட்டும் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னர் கேள்விகள் கூடின. “உள்ள லைட் எரியுதாம்மா? பின்னாடி கை வச்சுப் பாருங்க, சூடா இருக்கா? கொஞ்ச நேரம் ஓடி டக்குனு நின்னுடுதா?” வந்த பதிலைக் கொண்டு, பையில் எந்தச் சாமானை எடுத்துப் போவது, அண்ணன் போவதா தம்பி போவதா, எந்த வீட்டுக்கு முதலில் என்பதையெல்லாம் அவரே முடிவு செய்தார். இன்சுலின் வைத்திருக்கும் வீடு முன்னால். மீன் வைத்திருக்கும் வீடு அதற்கடுத்து. ஜில்லென்று தண்ணீர் வேண்டும் என்பவர் மாலை வரை பொறுக்க வேண்டும். அத்தாவுல்லா போனை எடுத்தால் “இன்னா?” என்பார். அடுத்த வாக்கியம் பெரும்பாலும் “அதான் வரேன்னு சொல்றேன்ல?” என்பதாக இருக்கும். ஆகவே அவர் எடுக்காமல் இருப்பதே தொழிலுக்கு நல்லது என்று வீட்டில் எல்லோருக்கும், அவருக்கும் கூட, தெரிந்திருந்தது.

2005இல் சகோதரர்கள் பிரிந்தார்கள். காரணத்தை அண்ணன் ஒருவிதமாகவும் தம்பி வேறுவிதமாகவும் சொல்கிறார்கள். இரண்டு பதிப்புகளிலும் ஒரு கம்ப்ரஸர் வருகிறது. வாஜித் பெருங்களத்தூரில் தனியாகக் கடை போட்டார். பாத்திரம், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் பிரிக்கப்பட்டன. போன் லைனை மட்டும் பிரிக்க முடியவில்லை. கூட்டாக இருந்த காலத்தில் வசதிக்காக அதே லைனிலிருந்து மாடிக்கு ஓர் ஒயர் இழுத்து, அங்கேயும் ஒரு கருவி வைத்திருந்தார்கள். மணி அடித்தால் இரண்டு தளங்களிலும் அடிக்கும். ஒருவர் பேசினால் மற்றவர் எடுத்துக் கேட்கலாம். குறுக்கே பேசவும் செய்யலாம்.

அந்த ஒரு வருடம் வீட்டில் நடந்ததைப் போட்டி என்பதைவிடப் போர் என்பதே பொருந்தும். நஃபீசா போனைச் சமையலறை வாசல் வரை இழுத்து வைத்துக்கொண்டார். மெஹ்னாஸ் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். இருவரும் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்; லைனில் மட்டும் சந்தித்துக்கொண்டார்கள்.

“ஹலோ, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வீடுங்களா?”

“ஆமாங்க, சொல்லுங்க,” என்பார் நஃபீசா.

“வாஜித் மெக்கானிக் வீடுதான், சொல்லுங்க மேடம்,” என்பார் மாடியிலிருந்து மெஹ்னாஸ்.

“ஏய், கீழ வையிடி.”

“நீங்க வைங்க. மேடம், அவங்க பேச்ச கேக்காதீங்க, அவங்களுக்குக் காதும் சரியா கேக்காது.”

“இங்க ஐஸெல்லாம் உருகி ஹால் வரைக்கும் தண்ணி வந்துருச்சும்மா! யாராவது ஒருத்தர் வாங்களேன்!”

இந்த நிலையில்தான் அத்தாவுல்லா செல்போன் வாங்கினார். லைனை ஒப்படைப்பதற்கான விண்ணப்பத்தையும் எழுதிக் கையெழுத்திட்டார். அதற்கு அவர் மனைவியிடம் சொன்ன காரணம் ஒன்றே. “மேல கீறாளே, அந்தப் பேய் அடங்காது. நம்ம கஸ்டமர எல்லாம் வழியிலயே புடிச்சுக்கறா. லைனே இல்லன்னா இன்னா பண்ணுவா?”

நஃபீசா அதில் பாதியை ஒப்புக்கொண்டார். மெஹ்னாஸ் ஒழிய வேண்டும் என்பதில் அவருக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் செல்போன் கணவரின் சட்டைப் பையில் இருக்கும். ஸ்கூட்டரோடு போய் ஸ்கூட்டரோடு திரும்பும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் தான் யார் என்று யோசித்தபோது, மாவு பிசைபவள் என்பதைத் தவிர வேறு விடை அவருக்குக் கிடைக்கவில்லை.

“அப்போ எனக்கும் ஒரு செல் வாங்கிக் குடுங்க. நம்பர மாத்தி நானே எல்லாருக்கும் சொல்றேன்.”

“ஊர்ல கீற ஆம்பளைங்க எல்லாம் உன் நம்பர்ல பேசணுமா?”

“இத்தினி நாளா யார்கிட்ட பேசுனாங்களாம்?”

“அது வூட்டு நம்பர். வூட்டுக்குப் பேசுனாங்க. இது உன் நம்பர். வேற மேட்டர்.”

“குரல் ஒண்ணுதானே?”

“போன் எடுக்கறது ஒரு வேலைன்னு நெனச்சுகினு கீற பாரு, அதான் பேஜாரே. எடுக்கறதுக்கு ஆளு இல்லன்னா மணி அடிச்சு நிக்கும். அவ்ளோதான்.”

அன்றிலிருந்து நஃபீசா குளிக்கப் போகும்போதும் போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டே போனார்.

விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமை கொடுப்பதாக இருந்தது. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை காலை, ஊரப்பாக்கத்திலிருந்து வந்த ஓர் அழைப்பில் இரண்டு பெண்களும் மோதினார்கள். வாடிக்கையாளர் சலித்துப்போய் வைத்துவிட்டார். அவர் போன பிறகும் இவர்கள் இருவரும் வைக்கவில்லை. தலைக்கு மேல் பத்தடி உயரத்தில் இருப்பவரோடு போனில் கத்திச் சண்டை போட்டார் நஃபீசா. மெஹ்னாஸின் குரல் லைனிலும் வந்தது. மாடிப்படி வழியாகவும் வந்தது.

“உன்னாலதாண்டி லைன் போவுது. நல்லா இருப்பியா நீ?”

“என்னாலயா? உங்களாலதான்! உங்க சண்ட தாங்க முடியாமத்தான் அண்ணனும் இவரும் சேந்து குடுத்துடலாம்னு முடிவு பண்ணாங்க.”

“சேந்தா? யாரு யாரோட சேந்தா?”

மாடிப்படி வழியாக வந்த கத்தல் அடங்கி, லைனில் மட்டும் குரல் வந்தது.

“உங்களுக்குத் தெரியாதா?” என்றார் மெஹ்னாஸ். “பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி டீக்கடையில ரெண்டு பேரும் ஒக்காந்து பேசுனாங்களாம். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அண்ணனுக்கு, இந்தப் பக்கம் இவருக்கு. ஆளுக்கு ஒரு செல்லு. இனிமே பொம்பளைங்க யாரும் தொழில்ல தலையிடக் கூடாதுன்னு. நேத்துதான் எனக்கே சொன்னாரு.”

“என்கிட்ட உன்னப் பேய்னாரு.”

“என்கிட்ட இவரு உங்கள வேற ஒண்ணு சொன்னாரு. அத சொன்னா நீங்க படி ஏறி வந்துடுவீங்க.”

சகோதரர்கள் சமாதானமாகி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன என்பதை இருவரும் அந்த உரையாடலில் கணக்கிட்டுக் கண்டுபிடித்தார்கள். அந்த மூன்று வாரங்களும் இவர்கள் ஆளுக்கொரு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, புருஷனுக்காக என்று நினைத்து, ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாலையில் கணவர்கள் வந்து, “இன்னைக்கு இன்னா சொன்னா அவ?” என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள்.

நஃபீசா முதலில் வைத்தார். மெஹ்னாஸ் பிறகு வைத்தார். சமாதானம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் மீண்டும் மணி அடித்தது. இரண்டு ரிசீவர்களும் எடுக்கப்பட்டன. பேசியவர் வண்டலூர்க்காரர், நெடுநாள் வாடிக்கை.

“அத்தாவுல்லா பாய் இருக்காராம்மா? டபுள் டோர் ஃப்ரிட்ஜு, கீழ்ப்பக்கம் கூலிங்கே இல்ல.”

“அவர் ஃப்ரிட்ஜ் வேலைய விட்டுட்டாரு சார்,” என்றார் நஃபீசா.

“விட்டுட்டாரா? என்னம்மா திடீர்னு? சரி, தம்பி இருக்காருல்ல?”

வழக்கமாக மெஹ்னாஸ் பாய்ந்து வரும் இடம் இது. மாடியில் கிரைண்டர் ஓடும் சத்தம் லைனில் கேட்டது. பிறகு அது நின்றது.

“அவரும் விட்டுட்டாரு சார்,” என்றார் மெஹ்னாஸ்.

“அடப்பாவமே. வேற நம்பர் ஏதாவது?”

“இல்ல சார்,” என்று, அவரவர் புருஷனின் செல் எண் தெரிந்த இரண்டு குரல்களும் சேர்ந்து சொல்லின.

வியாழன் மாலை வரை கூப்பிட்ட அத்தனை பேருக்கும் அதே பதில்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு அத்தாவுல்லா லைனை ஒப்படைக்கப் போனபோது, நஃபீசா கருவியைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். இவ்வளவு எளிதில் அடங்கிவிட்டாளே என்று அத்தாவுல்லாவுக்குத் திருப்தியாக இருந்ததாம். இதை அவரே பின்னர் பற்களைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அடுத்த இரண்டு வாரங்களில் செல்போன்கள் இரண்டும் ஏறக்குறைய ஊமையாகக் கிடந்தன. தன் பக்கத்து வாடிக்கையாளர்களைத் தம்பி வளைத்துவிட்டான் என்று அண்ணன் நினைத்தார். அண்ணன் ரோட்டைத் தாண்டிவிட்டார் என்று தம்பி நினைத்தார். வாசலில் வைத்து இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்ட அன்று, எதிர்வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்க முடிச்சூர் சவுரிமுத்து மெக்கானிக் அதே தெருவுக்குள் மொபெட்டில் வந்தார். வாடிக்கையாளர்கள் எங்கே போனார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

ஏன் போனார்கள் என்பது வீட்டுக்குள் வந்த பிறகு விளங்கியது. நஃபீசா மறைக்கவில்லை. அத்தாவுல்லா எறிந்த தட்டு சுவரில் பட்டு வளைந்தது. அது இன்றும் அந்த வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது. மாடியிலும் ஏதோ உடைந்தது. என்ன உடைந்தது என்பதை மெஹ்னாஸ் சொல்ல மறுத்துவிட்டார்.

சில நாட்கள் கழித்து அத்தாவுல்லா செல்போனை நஃபீசாவின் முன்னால் நீட்டினார்.

“ஊரப்பாக்கத்துலேந்து ஒரு ஆளு. ஸ்டெபிலைசர் போட்டுகீறியான்னு கேட்டேன், கட் பண்ணிட்டான். இதுல நம்பர் கீது. நீ பேசு.”

“பேசறேன். போன் என்கிட்டயே இருக்கும். வேலை யாருக்குன்னு நான்தான் சொல்லுவேன். உங்களுக்கா, உங்க தம்பிக்கா, சவுரிமுத்து அண்ணனுக்கான்னு.”

“உனக்கு இன்னா மெண்டலா?”

“அப்போ நீங்களே பேசுங்க.”

அவர் போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார். நான்காம் நாள் காலை, குளித்துவிட்டு வந்த நஃபீசா, போனும் சார்ஜரும் சமையலறை மேடையில் இருப்பதைப் பார்த்தார். அத்தாவுல்லா வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த வண்டி அது.

நஃபீசா ஊரப்பாக்கத்துக்காரரைக் கூப்பிட்டார். லைட் எரிகிறதா, பின்புறம் சூடாக இருக்கிறதா, நின்று நின்று ஓடுகிறதா என்று கேட்டார். எல்லாவற்றையும் வாசல் வரை கேட்கும்படியாகவே கேட்டார். துடைக்கும் துணி நின்றது.

பிறகு, அந்த வேலையைச் சவுரிமுத்துவுக்குக் கொடுத்தார்.